யுனிக் போட்ட டேபிளில் ஒரே ஐட்டம் கோடு இரண்டு தடவை: எப்படிங்க சாத்தியம்?

பம்ப்செட்_பாலு:

வணக்கமுங்க. கோயமுத்தூரில் பம்ப் ஸ்பேர்ஸ் மொத்த வியாபாரம் பண்ற கடைக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் பார்த்துக்கறேன். டேபிள் டிசைன் என் காலத்துக்கு முந்தியது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 12.

ஐட்டம் மாஸ்டரில், அதாவது சாமான் பட்டியல் டேபிளில், கோடுதான் பிரைமரி கீ: ஒரே கோடு ரெண்டு தடவை வர விடாத யுனிக் பூட்டு. எழுத்தாகச் சேமிக்கிற நெடுவரிசை (டெக்ஸ்ட் காலம்). ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொரு மாதிரி கோடு. சிலது 31204 என்று வெறும் எண். சிலது 31-204 என்று நடுவில் ஹைபன் போட்டது. ரெண்டும் வேற வேற சாமான்: முன்னது பேரிங், பின்னது மெக்கானிக்கல் சீல்.

போன மாதம் ஹோஸ்டிங் ஆட்கள் சர்வரை உபுண்டு 18.04ல் இருந்து 22.04க்கு மாத்துனாங்க. புது மெஷினில் ரெப்ளிக்கா, அதாவது டேட்டாபேஸின் அச்சு நகல், எழுப்பி, டேட்டா எல்லாம் வந்து சேர்ந்ததும் அதையே மெயின் ஆக்கிட்டாங்க. போஸ்ட்கிரெஸ் வெர்ஷன் மாறவில்லை. கடை ஒரு நிமிஷம் கூட நிக்கலை, எல்லாருக்கும் சந்தோஷம்.

அதுக்கப்புறம் நடக்கிறதுதான் புரியலைங்க.

கவுன்டரில் 31-204 அடிச்சா "ஐட்டம் இல்லை" என்கிறது. ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்தா அதே 31-204 உட்கார்ந்திருக்கு. குவரியில் சமம் போட்டுத் தேடினா ஒண்ணும் வரலை. லைக் (பாதி எழுத்தை வச்சுத் தேடுறது) போட்டு, முன்னாடி சதவீதக் குறி வச்சு, கடைசி மூணு எண்ணைத் தேடினா வருது. வெறும் எண் கோடுகளில் பிரச்சினை இல்லை. ஹைபன் போட்டதிலும் எல்லாம் காணாமப் போகலை. சிலது கிடைக்குது, சிலது கிடைக்கலை.

இதில் கவுன்டர் பையன் ஐட்டம் இல்லையே என்று புதுசா சேர்த்துட்டான். பிரைமரி கீ தடுக்கணுமில்லைங்களா? தடுக்கலை. இப்ப 31-204 ரெண்டு ரோ. எர்ரரும் இல்லை, லாகிலும் ஒண்ணும் இல்லை. டிஸ்க் செக் பண்ணியாச்சு, சுத்தம். யாராவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?

சொட்டுநீர்:

எக்செல்லில் இருந்தோ வாட்ஸ்அப்பில் இருந்தோ காப்பி பண்ணி ஒட்டியிருப்பாங்க. பார்க்க ஒரே குறி மாதிரி இருக்கும், ஆனா ஒன்று சாதா ஹைபன், இன்னொன்று நீளக்கோடு. கூடவே பின்னாடி ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டிருக்கா என்றும் பாருங்க. பத்துக்கு ஒன்பது கேஸ் இதுதான்.

பம்ப்செட்_பாலு:

அதைத்தாங்க முதல்ல பார்த்தேன். ரெண்டு ரோவையும் பைட்டாக மாத்திப் பார்த்தாச்சு. எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான். ஸ்பேஸும் இல்லை.

இரவுப்பணி:

தம்பி, முதல் காரியமாக கவுன்டரில் புது ஐட்டம் சேர்க்கிற ஸ்க்ரீனை மூடி வை. அப்புறம் மேலே படி. மூடாத ஒவ்வொரு மணி நேரமும் உனக்கு வேலையைக் கூட்டும்.

உன் கேள்வியிலேயே பதில் கிடக்கிறது. சமம் போட்டால் வரவில்லை, முன்னால் சதவீதம் வைத்த லைக்கில் வருகிறது என்கிறாய். முன்னால் சதவீதம் வைத்தால் போஸ்ட்கிரெஸ் சாதா இன்டெக்ஸை, அதாவது சீக்கிரம் தேட வரிசையாக அடுக்கி வைத்த குறிப்பை, தொடவே முடியாது, டேபிளை முதலில் இருந்து கடைசி வரை படிக்கும். சமம் போட்டால் இன்டெக்ஸ் வழியாகப் போகும். ஆக டேட்டா பத்திரமாக இருக்கிறது, இன்டெக்ஸ் பொய் சொல்கிறது. உறுதி செய்து கொள்ள, உன் செஷனில் மட்டும் இன்டெக்ஸ் ஸ்கேன், இன்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூன்றையும் அணைத்துவிட்டு அதே குவரியை ஓட்டு. 31-204 வந்து நிற்கும். ரெண்டுமே.

இன்டெக்ஸ் ஏன் பொய் சொல்கிறது? டிஸ்க் கெடவில்லை, போஸ்ட்கிரெஸ்ஸில் பக் இல்லை, ஹோஸ்டிங்காரர்கள் எதையும் அழிக்கவில்லை. சர்வர் மாறியபோது எது முன்னால், எது பின்னால் என்ற விதி மாறிவிட்டது. அவ்வளவுதான்.

டெக்ஸ்ட் காலத்தை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை, தனியாகச் சொல்லாத வரைக்கும், போஸ்ட்கிரெஸ் தானாக முடிவு செய்வதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கிற சி லைப்ரரியைக் கேட்கும். லினக்ஸில் அது ஜிலிப்சி. உன் டேட்டாபேஸின் லோக்கேல், அதாவது மொழி-நாடு அமைப்பு, இங்கிலீஷ்-இந்தியா அல்லது இங்கிலீஷ்-அமெரிக்கா என்று இருக்கும், இன்ஸ்டால் பண்ணும்போது யாரும் யோசித்து வைப்பதில்லை. அந்த மொழியின் அகராதி வரிசை என்னவோ அதை ஜிலிப்சி சொல்லும், போஸ்ட்கிரெஸ் அப்படியே நம்பும்.

2018 ஆகஸ்டில் ஜிலிப்சி 2.28 வந்தது. அதில் வரிசைப் பட்டியலை, ஐஎஸ்ஓ 14651 என்கிற சர்வதேசத் தரத்தின் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றினார்கள். நல்ல காரியம்தான், பழைய பட்டியல் ரொம்பக் காலாவதி. ஆனால் அதோடு அன்றாடம் புழங்குகிற எழுத்துகளின் வரிசையும் நகர்ந்தது. உபுண்டு 18.04ல் இருப்பது 2.27. 22.04ல் 2.35. வேறு லினக்ஸ்களான டெபியனில் 9க்கும் 10க்கும் நடுவில், ரெட்ஹேட்டில் 7க்கும் 8க்கும் நடுவில் இதே எல்லைக்கோடு விழுகிறது. அந்தக் கோட்டை நீ தாண்டியிருக்கிறாய்.

நீயே பார்க்கலாம். ஒரு ஃபைலில் ரெண்டே வரி எழுது: 1-1, அடுத்து 11. பழைய மெஷினில் அதே லோக்கேலில் ஸார்ட் கமாண்ட் கொடு. 11 முதலில், 1-1 அடுத்து. புது மெஷினில் கொடு. 1-1 முதலில், 11 அடுத்து.

பழைய விதியில் ஹைபனுக்கு முதல் சுற்றில் மதிப்பே கிடையாது. 31-204ஐ 31204 மாதிரி நினைத்துத்தான் இடம் போடும். ரெண்டும் சமமாக வந்தால் மட்டும் கடைசியில் ஹைபனைத் திரும்பிப் பார்க்கும். புது விதியில் ஹைபனுக்கும் ஒரு மதிப்பு உண்டு, அது எண்களை விடச் சின்னது. ஆகவே உன் மாஸ்டரில் 31180, 31-204, 31215 என்று அடுக்கி வைத்த இன்டெக்ஸை அந்த மெஷினின் பைட் மாறாமல் இங்கே கொண்டு வந்தாயிற்று. இங்கே புது விதியில் தேடுகிறவன் 31180ஐப் பார்த்ததும் "31-204 இதுக்கு முன்னாடி வரணும்" என்று இடது பக்கம் திரும்பிப் போகிறான். அங்கே அது இல்லை. "ஐட்டம் இல்லை."

சிலது கிடைப்பதற்கும் இதுதான் காரணம். இன்டெக்ஸ் கிளை கிளையாக இருக்கும் மரம், பி-ட்ரீ என்பார்கள்; அதில் மேலிருந்து கீழே இறங்கும்போது வழியில் எந்தெந்தக் கோடுகளோடு ஒப்பிட நேர்கிறதோ, அவை பழைய விதியிலும் புதிய விதியிலும் ஒரே பதில் தந்தால் நீ சரியான பக்கத்தில் இறங்கிவிடுவாய். ஒன்று மாறிச் சொன்னாலும் போச்சு. அதனால் இந்த நோய் ஒரே சீராகத் தெரியாது, அதிர்ஷ்டம் மாதிரி தெரியும். நிறையப் பேர் மாதக் கணக்கில் தெரியாமலே ஓட்டுகிறார்கள்.

யுனிக் தடுக்காததும் அதே கதை. புது ரோ வரும்போது போஸ்ட்கிரெஸ் முழு டேபிளையும் பார்ப்பதில்லை. இன்டெக்ஸில் அது உட்கார வேண்டிய இடத்துக்குப் போய், அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பழைய 31-204 பழைய இடத்தில் இருக்கிறது. புது இடம் காலி. உள்ளே விட்டுவிட்டது.

ரெப்ளிக்கா வழியாக வந்ததால்தான் இது. டம்ப் எடுத்து (டேட்டாவை மட்டும் ஃபைலில் எழுதி) ரெஸ்டோர் பண்ணியிருந்தால் இன்டெக்ஸ் எல்லாம் புது மெஷினில் புதிதாகக் கட்டப்பட்டிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. கடை கொஞ்ச நேரம் மூடியிருக்கும்.

டாக்கரில், அதாவது ஓஎஸ்ஸோடு பொட்டலமாகக் கட்டிய இமேஜில், ஓட்டுகிறவர்களும் கவனிக்க. இமேஜ் டேக்கில் டெபியன் பெயரைக் குறிப்பிடாமல் விட்டால் ஒருநாள் புல் பண்ணும்போது அடியில் இருக்கும் டெபியன் மாறிவிடும், வால்யூம் (டேட்டா இருக்கும் இடம்) பழையதாகவே இருக்கும். ஆல்பைன் என்கிற இன்னொரு லினக்ஸின் இமேஜுக்கும் டெபியன் இமேஜுக்கும் நடுவில் வால்யூமை மாற்றி மாற்றி மாட்டுவது இன்னும் மோசம். ஆல்பைனில் இருக்கும் மஸ்ல் லைப்ரரி லோக்கேல் வரிசை என்று எதையும் பார்ப்பதே இல்லை, பைட் வரிசைதான்.

இப்போது செய்ய வேண்டியது: இன்டெக்ஸ் வரிசை சரியா என்று சோதிக்கிற ஆம்செக் எக்ஸ்டென்ஷனைப் போடு. போஸ்ட்கிரெஸ்ஸோடு கூடவே வருகிறது. டெக்ஸ்ட் காலம் உள்ள எல்லா பி-ட்ரீ இன்டெக்ஸ் மீதும் ஓட்டு. எண், தேதி காலங்களைத் தொட வேண்டாம், அவற்றுக்கு மொழி கிடையாது. முடிவைச் சொல். அதுவரை ரீஇன்டெக்ஸ் (இன்டெக்ஸைத் திரும்பக் கட்டுவது) பண்ணாதே.

பம்ப்செட்_பாலு:

அண்ணா, கும்பிடறேனுங்க. ஸ்க்ரீனை மூடிட்டேன், முதலாளிகிட்ட திட்டும் வாங்கியாச்சு.

ஸார்ட் டெஸ்ட்டில் நீங்க சொன்ன மாதிரியே வந்தது. ஹோஸ்டிங் ஆட்கள் பழைய மெஷினை இன்னும் அழிக்கலை, அதனால ரெண்டிலும் போட்டுப் பார்த்தேன்.

ஆம்செக்கில் மூணு இன்டெக்ஸ் விழுந்தது. "ஐட்டம் ஆர்டர் இன்வேரியன்ட் வயலேட்டட்" என்று வருது. ஐட்டம் மாஸ்டரின் பிரைமரி கீ, பில் லைன் டேபிளில் ஐட்டம் கோடு மேல போட்ட இன்டெக்ஸ், அப்புறம் கஸ்டமர் பெயர் இன்டெக்ஸ். கஸ்டமர் பெயரில் ஊரை ஹைபன் போட்டுத்தான் எழுதுவாங்க, "முருகன் ஏஜென்சீஸ் - பல்லடம்" மாதிரி, இங்கிலீஷில். ஜிஎஸ்டி எண் மேல போட்ட யுனிக் இன்டெக்ஸ் பாஸ்.

இன்டெக்ஸை அணைச்சு குரூப் பண்ணிப் பார்த்தேன். 17 கோடு இரட்டையா இருக்குங்க.

ரெண்டு சந்தேகம். ரீஇன்டெக்ஸ் ஏன் வேண்டாம் என்கிறீங்க? இது ஏன் எங்கயும் எச்சரிக்கை கொடுக்கலை?

இரவுப்பணி:

ஜிஎஸ்டி எண்ணில் பெரிய எழுத்தும் இலக்கமும் மட்டும்தான், நடுவில் குறி எதுவும் கிடையாது. அதனால் தப்பித்தது. ஆனாலும் எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் ரீஇன்டெக்ஸ் பண்ணிவிடு. பாஸ் ஆனதை நம்பி விட்டு வைப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

எச்சரிக்கை கேட்டாய். நீ இருப்பது 12. லைப்ரரியின் வெர்ஷனைக் குறித்து வைத்து, டேட்டாபேஸின் சொந்தக் கொலேஷன், அதாவது எழுத்தை அடுக்கும் விதி, மாறியிருக்கிறது என்று கனெக்ட் பண்ணும்போதே சொல்லும் வழக்கம் 15ல்தான் வந்தது. அதற்கு முன்னால் எல்லாம் மௌனம்.

அந்த எச்சரிக்கையிலும் ஒரு கண்ணி உண்டு, மேலே போகும்போது மாட்டிக் கொள்ளாதே. எச்சரிக்கையின் அடியிலேயே ஒரு குறிப்பு வரும்: இந்தக் கொலேஷனைப் பயன்படுத்துகிறவற்றை எல்லாம் திரும்பக் கட்டு, பிறகு கொலேஷன் வெர்ஷனை ரெஃப்ரெஷ் பண்ணு என்று. ஜனங்கள் இரண்டாவது பாதியை மட்டும் படிக்கிறார்கள். ரெஃப்ரெஷ் கமாண்ட் குறித்து வைத்த வெர்ஷன் எண்ணை மாற்றும், ஒரு இன்டெக்ஸையும் தொடாது. எச்சரிக்கை மறைந்துவிடும், நோய் அப்படியே இருக்கும், இனிமேல் சொல்வதற்கும் ஆள் கிடையாது. ரெஃப்ரெஷை முதலில் ஓட்டிவிட்டு வந்து "இப்ப வார்னிங் வரலை சார்" என்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ரீஇன்டெக்ஸ் விஷயம். மாஸ்டரின் பிரைமரி கீயை இப்போது ரீஇன்டெக்ஸ் பண்ணினால் 17 இரட்டை இருப்பதால் யுனிக் இன்டெக்ஸ் கட்ட முடியாது என்று நின்றுவிடும். முதலில் இரட்டையை ஒழிக்க வேண்டும். அதிலும் ஒரு முறை இருக்கிறது, வரிசையை மாற்றாதே.

பழைய மெஷினை அழிக்க வேண்டாம் என்று ஹோஸ்டிங்கில் எழுத்தில் சொல்லிவிடு. புதுசின் டேட்டா டைரக்டரியை அப்படியே ஒரு காப்பி எடுத்து வை. கடை மூடிய பிறகு எழுதுவதை எல்லாம் நிறுத்து. யுனிக் இல்லாத இன்டெக்ஸ்களை முதலில் ரீஇன்டெக்ஸ் பண்ணு, அதாவது பில் லைனும் கஸ்டமர் பெயரும். இதை ஏன் முதலில் என்கிறேன் என்றால், இரட்டையைச் சேர்க்கும்போது பில் லைனில் இந்தக் கோடு எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவாய். அந்த இன்டெக்ஸும் கெட்டிருந்தால் பாதி லைன்தான் அகப்படும், மீதியை விட்டுவிட்டு மேலே போய்விடுவாய். பிறகு மாஸ்டரில் இரட்டையைச் சேர்க்கும் வேலை முழுவதும் அந்த மூன்று ஸ்கேனையும் அணைத்த செஷனிலேயே நடக்கட்டும். இரண்டு ரோவும் ஒரே கோடு என்பதால் கோடு சொல்லி டெலீட் பண்ணினால் இரண்டும் போய்விடும்; ரோ டேபிளில் இருக்கும் இடத்தைக் குறிக்கும் சிடிஐடியைச் சொல்லி ஒன்றை மட்டும் எடு. பில் லைனில் உள்ள கோடு மாஸ்டரிலும் இருக்க வேண்டும் என்கிற ஃபாரின் கீ இருக்குமென்று நினைக்கிறேன். அந்த கோடு பில் லைனில் இருக்கும்போது டெலீட் அடம் பிடித்தால் என்ன ஏது என்று பார்த்துச் செய், கன்ஸ்ட்ரெயின்டைத் தூக்கி எறிந்துவிட்டுச் செய்யாதே. எல்லாம் முடிந்ததும் டேட்டாபேஸ் முழுவதையும் ரீஇன்டெக்ஸ், மறுபடி ஆம்செக்.

இது அவசர வைத்தியம். அடுத்த உபுண்டுவுக்குப் போகும்போது இன்னொரு ஜிலிப்சி வரும்.

ஐட்டம் கோடுக்கு மொழி எதற்கு? அது இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை. அந்த நெடுவரிசையின் கொலேஷனை "சி" என்று மாற்றிவிடு. அப்புறம் பைட்டுக்குப் பைட் ஒப்பீடுதான், எந்த லைப்ரரி மாறினாலும் அது மாறாது. மாஸ்டரிலும் பில் லைனிலும் சேர்த்து மாற்று. ஒன்றில் மட்டும் மாற்றினாலும் ஜாயின் (இரண்டு டேபிளை இணைக்கும் குவரி) ஓடும், ஆனால் மறுபக்கத்து இன்டெக்ஸ் வேறு கொலேஷனில் கட்டியது என்பதால் பயன்படாது, பில் திறக்க டீ குடித்துவிட்டு வரலாம். ஜிஎஸ்டி எண், போன், இன்வாய்ஸ் நம்பர் எல்லாவற்றுக்கும் இதே கதி.

இன்னொரு லாபமும் உண்டு. கவுன்டரில் 31 அடித்ததும் 31ல் தொடங்கும் கோடெல்லாம் கீழே விழ வேண்டும் என்று வைத்திருப்பாய். மொழி கொலேஷனில் கட்டின சாதா இன்டெக்ஸ் அந்த லைக்குக்கு உதவாது, சி கொலேஷனில் உதவும். ஏன் உதவாது என்பதற்கு டென்மார்க்கைப் பார். அங்கே இரட்டை ஏ என்பது மேலே வட்டம் போட்ட ஏ எழுத்தின் பழைய எழுத்து வடிவம், அந்த எழுத்து அவர்கள் அகரவரிசையில் கடைசி. ஆர்ஹுஸ் நகரம் 2011ல் மறுபடி இரட்டை ஏ போட்டு எழுதத் தொடங்கியது. டேனிஷ் வரிசையில் அது ஏ-க்களோடு வராது, இசட்டையும் தாண்டிப் போய்க் கடைசியில் நிற்கும். "ஏ-யில் தொடங்குவது எல்லாம் ஏ-க்கும் பி-க்கும் நடுவில்தான்" என்று நம்பி இன்டெக்ஸில் வெட்டி எடுத்தால் அந்த நாட்டின் இரண்டாவது பெரிய ஊரே காணாமல் போகும். அதனால்தான் மொழி கொலேஷன் இன்டெக்ஸை லைக்குக்கு எடுக்க போஸ்ட்கிரெஸ் மறுக்கிறது.

சொட்டுநீர்:

ஹைபன் என்று நான் சொன்னது வேற காரணத்துக்கு, ஆனாலும் ஹைபன்தானே :)

மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துகிற நாங்கள் இதில் பிழைத்தோமா?

இரவுப்பணி:

இதிலிருந்து பிழைத்தீர்கள். மைஎஸ்க்யூஎல் வரிசைப் பட்டியலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, ஓஎஸ்ஸைக் கேட்பதில்லை. ஆனால் அவர்களே மாற்றி மாட்டிக்கொண்ட கதையும் உண்டு: 5.1.24ல் யுடிஎஃப்8 ஜெனரல் கொலேஷனில் ஜெர்மன் எஸ்ஸெட் எழுத்தின் இடத்தைத் திருத்தினார்கள், பழைய இன்டெக்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டது. பிறகு பழைய வரிசைக்கென்றே தனியாக ஒரு கொலேஷனை உண்டாக்கி வைத்தார்கள். அதன் பெயரிலேயே மைஎஸ்க்யூஎல்500 என்று இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

5.7ல் இருந்து 8.0 போகிறவர்கள் வேறொன்றைப் பாருங்கள். 8.0ன் டிஃபால்ட் கொலேஷனில் பின்னால் இருக்கும் ஸ்பேஸுக்கும் மதிப்பு உண்டு. பழையதில் கிடையாது. "31204" என்பதும் பின்னால் ஸ்பேஸ் ஒட்டிய "31204" என்பதும் அங்கே ஒன்று, இங்கே இரண்டு. பழைய டேபிளையும் புது டேபிளையும் ஜாயின் பண்ணினால் "இல்லீகல் மிக்ஸ் ஆஃப் கொலேஷன்ஸ்" என்று கத்தும். கத்துவது நல்லது. 5.7 வரைக்கும் அதன் டிஃபால்ட் லத்தீன்1 சுவீடிஷ் என்பது வேறு கதை, கம்பெனி பிறந்த ஊர் வரிசை. எத்தனை தமிழ்நாட்டு ரேஷன் கார்டு விவரங்கள் சுவீடன் அகராதி வரிசையில் அடுக்கப்பட்டு இருந்தனவோ.

பட்டியல்காரி:

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். நான் ஒரு நூலகத்தின்ர பட்டியலைப் பாக்கிறனான். போஸ்ட்கிரெஸ் 16. இந்த இழையை வாசிச்சுப்போட்டு எங்கட டேட்டாபேஸ் எப்பிடி இருக்கு எண்டு பாத்தால், அது ஆரம்பத்திலயே "சி" எண்டுதான் போட்டிருக்கு. அப்ப நாங்கள் தப்பினம் எண்டு சந்தோஷப்பட்டன்.

ஆனால் இரவுப்பணி அண்ணை, எனக்கு வேற பிரச்சினை. ஆசிரியர், தலைப்பு எல்லாம் தமிழில. பட்டியலை அச்சடிச்சால் வாசகர்மார் சண்டைக்கு வருகினம். "பகை" முதல் வருகுது, "பக்தி" அதுக்குப் பிறகு வருகுது. கனகா எண்டவா கமலாவுக்கு முன்னால நிக்கிறா. பழனி, பவானிக்கு முன்னால. ஜெயந்தி, சாந்திக்கும் தங்கத்துக்கும் நடுவில. முதல் எழுத்தை மட்டும் பாத்தால் பெரும்பாலும் சரி மாதிரி இருக்கும், உள்ளுக்கதான் குழப்பம். எல்லாத்துக்கும் "சி" எண்டு சொல்லுறியள், அப்ப தமிழுக்கு என்ன செய்யிறது?

இரவுப்பணி:

எல்லாத்துக்கும் சொல்லவில்லை அம்மா, கோடுக்குச் சொன்னேன். மனுஷர் படிக்கிற பட்டியலுக்கு மொழி வேண்டும்.

நீங்கள் பார்ப்பது யூனிகோடின் எண் வரிசை. அதில் தமிழ் எழுத்துகள், மற்ற இந்திய மொழி எழுத்துகளின் அடுக்குக்கு ஒத்துப் போகிற மாதிரி இடம் பிடித்தவை. அதனால் ன என்பது ந-வுக்கு அடுத்த வீடு. ற என்பது ர-வுக்கு அடுத்தது. ல, ள, ழ மூன்றும் வரிசையாக உட்கார்ந்து, அப்புறம்தான் வ. ஜ போய் ச-வுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. நம் நெடுங்கணக்கில் ய ர ல வ ழ ள ற ன, கிரந்தம் அதற்கும் பிறகு. கனகா, பழனி, ஜெயந்தி மூன்று பேரும் இதில்தான் மாட்டினார்கள்.

பக்தி விவகாரம் வேறு. புள்ளிக்கு யூனிகோடில் எண் உயிர்க்குறிகள் எல்லாம் முடிந்த பிறகு, ஔகாரக் குறிக்கும் அடுத்தது. ஆகவே எண் வரிசையில் க, கா, கி என்று போய் கௌ முடிந்து அப்புறம் க். அகராதியில் க் முதலில், அப்புறம்தான் க. பக்தி, பகல், பகை.

உங்கள் 16ல் ஐசியு என்கிற, மொழி வரிசை தெரிந்த லைப்ரரி இருக்கும். தமிழ் ஐசியு கொலேஷன் ஒன்று முன்கூட்டியே பதிவாகி இருக்கும், கொலேஷன் பட்டியலைப் பாருங்கள். டேட்டாபேஸை மாற்ற வேண்டாம், காலத்தையும் மாற்ற வேண்டாம். அச்சடிக்கும் குவரியில் ஆர்டர் பை பக்கத்தில் மட்டும் அந்தக் கொலேஷனைச் சொல்லுங்கள். முதலில் ஒரு சின்ன டேபிளில் கமலா, கனகா, பவானி, பழனி, பக்தி, பகல், பகை, முத்துவேல், முதல்வன், ஜெயந்தி எல்லாரையும் போட்டு ஓட்டிக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு பட்டியலுக்குக் கொண்டு போங்கள். முத்துவேல் முதல்வனுக்கு முன்னால் வர வேண்டும்.

அந்தக் கொலேஷனில் யுனிக் இன்டெக்ஸ் மட்டும் கட்டாதீர்கள். ஐசியுவும் ஒரு லைப்ரரிதான், அதற்கும் வெர்ஷன் ஏறும். அடுக்கிக் காட்டுவதற்கு மட்டும் என்றால், வெர்ஷன் மாறினால் நாளைக்கு பட்டியலில் இரண்டு பெயர் இடம் மாறும், அவ்வளவே.

போகிற போக்கில் இதையும் பாருங்கள். பழைய எழுத்துருவில் இருந்து யூனிகோடுக்கு மாற்றிய பதிவுகள் உங்களிடம் இருக்குமே? கொ என்பதை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் ஒன்று போலவே இருக்கும், பைட் வேறு. சொட்டுநீர் முதலில் சொன்ன ஹைபன் சந்தேகம் உங்களுக்குத்தான் பொருந்தும். போஸ்ட்கிரெஸ் 13ல் இருந்து, இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது, நார்மலைஸ் ஆகாதவை எவை என்றும் கேட்கலாம்.

பட்டியல்காரி:

செய்து பாத்தன். கனகா தன்ர இடத்துக்குப் போட்டா, பக்தியும் முன்னுக்கு வந்திட்டுது. ஜெயந்தி இப்ப கடைசியில, வள்ளிக்கும் பிறகு. அதுக்கும் ஒரு சண்டை வரும், அது பரவாயில்லை.

கொ பிரச்சினையும் உண்மைதான். "கொடிமரம்" எண்டு ரெண்டு தலைப்பு, ரெண்டுக்கும் வேற வேற பதிவெண், அலுமாரியில ஒரு புத்தகம்தான். நன்றி அண்ணை.

பம்ப்செட்_பாலு:

ஞாயித்துக்கிழமை கடை மூடினதும் உட்கார்ந்தேனுங்க. பில் லைன், கஸ்டமர் இன்டெக்ஸ் முடிஞ்சது. இரட்டையைச் சேர்க்கும் இடத்தில் ஒண்ணு கேக்கணும்.

31-204க்கு பழைய ரோவில் ஸ்டாக் 40. கவுன்டர் பையன் புதுசா சேர்க்கும்போது ஓப்பனிங் ஸ்டாக் 37 என்று போட்டிருக்கான், அப்புறம் 5 வித்திருக்கு, இப்ப 32 காட்டுது. பழைய ரோ மேல போன மாதம் ஒரு பர்ச்சேஸ் என்ட்ரியும் விழுந்திருக்கு. பர்ச்சேஸ் ஸ்க்ரீனில் பெயரை வச்சுத் தேடறதால அதுக்குப் பழைய ரோ கிடைச்சிருக்கு. இப்ப ரெண்டையும் கூட்டவா, ஒண்ணை மட்டும் வச்சுக்கவா?

இரவுப்பணி:

கூட்டாதே. 37 என்பது அதே சாமானை அவன் ராக்கில் எண்ணிப் போட்டது. கூட்டினால் 72 சீல் இருப்பதாக உன் ரிப்போர்ட் சொல்லும். 17 கோடையும் ஒரு தாளில் அச்சடித்து அந்தப் பையன் கையில் கொடு, ராக்கில் போய் எண்ணிக்கொண்டு வரட்டும். வந்த எண்ணை ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்டாகத் தேதி போட்டு ஏற்று. அதற்குப் பிறகு பிரைமரி கீயை ரீஇன்டெக்ஸ் பண்ணு.